அப்பாவின் பென்சனும் அம்மாவின் வாக்கும்: நாம் கவனிக்கத் தவறும் திகதிகள்

ஊரில் இருக்கும் அப்பாவுக்கு மாதம் எவ்வளவு பென்சன் வருகிறது என்று எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மாவின் பெயர் இந்த வருட வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? பிரஷர் குளிசை முடிந்துவிட்டதா, கிணற்று மோட்டர் திருத்தியாகிவிட்டதா என்றெல்லாம் வாராவாரம் கேட்கிறோம். இந்த இரண்டையும் கேட்பதில்லை. "அவை அரசாங்க உத்தியோகத்தில இருந்தவை, எல்லாம் அவைக்குத் தெரியும்" என்பது எமது எண்ணம்.

அந்த எண்ணம் இப்போது சரியில்லை. கடந்த சில ஆண்டுகளில் ஓய்வூதியம், வங்கி வட்டி, வரி, வாக்காளர் பதிவு ஆகிய நான்கிலும் மாற்றங்கள் அடுத்தடுத்து வந்திருக்கின்றன. சுற்றறிக்கைகள் வருகின்றன, திகதிகள் கடந்து போகின்றன. எண்பதை நெருங்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையோ தபாலதிபரோ இவற்றைத் தனியே பின்தொடர்வது கடினம். அவர்களுடைய பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கிறோம். ஆகவே இது எமது வேலையும்தான்.

ஒரு உத்தியோகத்தின் விலை

அரசாங்க உத்தியோகம் எமது சமூகத்தில் வெறும் சம்பளமாக இருந்ததில்லை. தண்ணீர் குறைந்த மண்ணில் படிப்பும் அதன் பின் கச்சேரி வேலையும்தான் பல குடும்பங்களின் காணியாக இருந்தன. அதனால்தான் 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் முதலில் அடித்தது அந்த இடத்தில். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாததால் 1962 இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கேகாலைக் கச்சேரி எழுதுவினைஞர் செல்லையா கோடீஸ்வரன் நீதிமன்றம் சென்றார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964 இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் ஒருவர் சம்பளத்துக்காக அரசுக்கு எதிராக வழக்காட முடியாது என்று சொல்லி உயர்நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1969 இல் இலண்டன் பிரிவி கவுன்சில், வழக்காட முடியும் என்று சொல்லி, அரசியலமைப்புக் கேள்வியை மீண்டும் கொழும்புக்கே அனுப்பியது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

பின்னர் போர் வந்தது. விடுமுறை பெறாமல் நாட்டை விட்டுத் தப்பியவர்கள் பதவியைக் கைவிட்டவர்களாகக் கணிக்கப்பட்டார்கள். அதோடு ஓய்வூதிய உரிமையும் போயிற்று. பதினைந்து, இருபது வருடச் சேவையை அப்படியே விட்டுவிட்டு வந்து, இங்கே தொழிற்சாலையிலும் பெற்றோல் நிலையத்திலும் நின்ற ஆசிரியர்களை நாம் எல்லோரும் அறிவோம். அங்கேயே நின்று, இடம்பெயர்வுகளின் நடுவிலும் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கே ஓய்வூதியம் மிஞ்சியது. அந்தப் பணம் அவர்களுக்கு ஏன் இவ்வளவு பெரிது என்பதை இதை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் அனுப்பும் பணம் அதைவிடப் பல மடங்காக இருக்கலாம். ஆனால் அது பிள்ளை தருவது. இது தான் உழைத்தது.

2022 என்ன செய்தது

2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. மாதம் 40,000 ரூபா பென்சன் எடுத்தவரின் பணம் 200 டொலரிலிருந்து 111 டொலராகச் சுருங்கியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. பென்சன் தொகை ஒரு சதமும் குறையவில்லை என்று அரசாங்கம் சொல்லலாம். ஆனால் சந்தையில் அதே பணத்துக்குக் கிடைத்த அரிசியும் மருந்தும் ஏறக்குறையப் பாதியாகின.

அதே ஆண்டில் இன்னும் இரண்டு விடயங்கள் நடந்தன. 65 ஆக உயர்த்தப்பட்டிருந்த ஓய்வு வயது மீண்டும் 60 ஆக்கப்பட்டு, டிசம்பர் 31 உடன் பெருந்தொகையானோர் ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மற்றது, 60 வயதைத் தாண்டியவர்களின் நிலையான வைப்புக்கு 15 இலட்சம் ரூபா வரை 15 வீத வட்டி கொடுத்துவந்த திட்டம் ஒக்டோபருடன் நிறுத்தப்பட்டது. பணிக்கொடைப் பணத்தை அப்படியே வங்கியில் போட்டு, அந்த வட்டியில் மருந்துச் செலவைப் பார்த்தவர்களுக்கு இது பென்சனில் கை வைத்ததற்குச் சமம்.

பின்னர் வந்த நிவாரணம் யாருக்கு எவ்வளவு என்று பாருங்கள். 2024 இற்கான வரவு செலவுத் திட்டத்தில் சேவையில் இருக்கும் அரச ஊழியரின் வாழ்க்கைச் செலவுப்படி 10,000 ரூபாவால் உயர்ந்தது. ஓய்வூதியருக்கு 2,500 ரூபா. கடையில் பருப்பின் விலை இருவருக்கும் ஒன்றுதான். இந்த வித்தியாசத்துக்கான காரணத்தைப் பின்னால் பார்ப்போம்.

ஒரே பதவி, இரண்டு பென்சன்

ஓய்வூதியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகப் பேசிவரும் "ஓய்வூதிய முரண்பாடு" என்ன என்பது வெளிநாட்டில் இருக்கும் எமக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. விடயம் எளியது. ஓய்வூதியம், கடைசியாகப் பெற்ற சம்பளத்தையும் சேவைக் காலத்தையும் வைத்துக் கணிக்கப்படுகிறது. 2016 இல் வெளியான பொது நிருவாகச் சுற்றறிக்கை, படிகளின் ஒரு பகுதியை அடிப்படைச் சம்பளத்துடன் சேர்த்து, 2020 வரை கட்டம் கட்டமாக அதை உயர்த்தியது. ஆகவே ஒரே தரத்தில், ஒரே அளவு காலம் படிப்பித்த இரண்டு ஆசிரியைகளில் ஒருவர் 2015 இலும் மற்றவர் 2020 இலும் ஓய்வு பெற்றிருந்தால் இருவரின் பென்சனும் ஒன்றல்ல. வயது கூடியவருக்கு, மருந்து அதிகம் தேவைப்படுபவருக்கு, குறைந்த தொகை.

2025 பெப்ரவரி 17 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தது. 2020 ஜனவரி 1 இற்கு முன்னர் ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியம் மூன்று கட்டங்களாகத் திருத்தப்படும். முதலாவது 2025 யூலை, இரண்டாவது 2026 யூலை, மூன்றாவது 2027 யூலை. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் 80 வயதான ஒருவரிடம் "இன்னும் இரண்டு யூலை பொறுங்கள்" என்பது சிறிய வேண்டுகோள் அல்ல. காத்திருக்கும் காலத்தில் இறப்பவர்களும் இருப்பார்கள்.

எமது பெற்றோர் 2020 இற்கு முன் ஓய்வு பெற்றவர்கள் என்றால், வங்கிப் புத்தகத்தில் யூலை, ஓகஸ்ட் மாதத் தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது எமது முதல் வேலை. தொகை மாறவில்லை என்றால் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேட்க வேண்டும். பிழையான சம்பளப் படிநிலை, பழைய கோப்பில் இல்லாத ஒரு கடிதம், இடம்பெயர்வில் தொலைந்த சேவைப் பதிவு என்று காரணங்கள் இருக்கலாம். கேட்காமல் அவை தாமாகத் திருந்தப் போவதில்லை.

வட்டியும் வரியும்

அதே வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு அறிவிப்புகள் எதிரெதிர்த் திசையில் இருந்தன. ஒன்று, 60 வயதைத் தாண்டியவர்களின் நிலையான வைப்புக்கு 10 இலட்சம் ரூபா வரை சந்தை வட்டியைவிட 3 வீதம் மேலதிகம், 2025 யூலையிலிருந்து. மற்றது, வட்டியில் வங்கி பிடித்துக்கொள்ளும் வரி 2025 ஏப்ரல் 1 முதல் 5 வீதத்திலிருந்து 10 வீதம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 15 இலட்சம் வைப்பு இருக்கிறது. பழைய 15 வீதத் திட்டத்தில் மாதம் 18,750 ரூபா வந்தது. சந்தை வட்டி 8 வீதம் என்று வைத்துக்கொண்டால், இன்று முதல் 10 இலட்சத்துக்கு 11 வீதமும் மிகுதி 5 இலட்சத்துக்கு 8 வீதமும் சேர்ந்து மாதம் 12,500 ரூபா. அதில் 10 வீதம் வரி போனால் 11,250. மூன்று வீதம் என்ற சலுகை, இழந்ததில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தருகிறது.

ஆனால் அந்த 10 வீதத்தைப் பெரும்பாலான ஓய்வூதியர்கள் இழக்கத் தேவையில்லை. வரி விலக்கின் எல்லை ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டிருக்கிறது. மதிப்பிடக்கூடிய வருமானம் அதற்குக் குறைவாக உள்ளவர் வங்கியில் சுய பிரகடனப் படிவம் ஒன்றைக் கொடுத்தால் வட்டியில் வரி பிடிக்கப்படாது. வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்குகிறது. இரண்டு வங்கிகளில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும்.

எம்மில் பலர் தொலைபேசியில் கேட்ட பதில் ஒன்று இருக்கிறது: "ஏதோ வெட்டுறாங்கள் தம்பி, எல்லாருக்கும் அப்பிடித்தானாம், விட்டிடு." விட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் அது ஆண்டுக்கு 15,000 ரூபா. ஒரு மாத வட்டியைவிட அதிகம்.

இதில் எமது பொறுப்பும் ஒன்று உண்டு. ஊரில் காணி வாங்கவோ, வீடு கட்டவோ, நாளைக்குத் தேவை என்றோ பெற்றோரின் பெயரில் நாம் பணம் போட்டு வைக்கிறோம். வங்கியின் கண்ணில் அது அவர்களுடைய பணம். அதன் வட்டி அவர்களுடைய வருமானம். எமது தொகை பெரிதானால், பிரகடனம் கொடுக்கும் தகுதியே அவர்களுக்கு இல்லாமல் போகலாம். பொய்யான பிரகடனத்தில் கையெழுத்து வைக்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளக் கூடாது. எமது பணத்தையும் அவர்களுடைய சேமிப்பையும் வேறு வேறாக வைப்பது எல்லோருக்கும் நல்லது.

உயிரோடு இருக்கிறீர்களா? இங்கே இருக்கிறீர்களா?

இலங்கை அரசு ஒரு ஓய்வூதியரிடம் ஆண்டுதோறும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. முதலாவது, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா? ஆண்டின் தொடக்க மாதங்களில் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் கொடுக்கும் உயிர்வாழ்ச் சான்றிதழ் அதற்கான விடை. கொடுக்காவிட்டால் பென்சன் நிற்கும். பிள்ளைகளிடம் வந்து வெளிநாட்டில் தங்கியிருப்பவர்கள் அந்தந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாக இதைச் செய்யலாம். கனடாவில் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து குளிர்காலம் முழுவதும் நின்றுவிட்டு, ஊர் திரும்பும்போது கணக்கில் பணம் வராமல் இருப்பதைக் கண்டவர்கள் உண்டு.

இரண்டாவது கேள்வி, நீங்கள் இங்கே வசிக்கிறீர்களா? அதற்கான விடை வாக்காளர் இடாப்பு. 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஆண்டும் இடாப்பு மீளாய்வு செய்யப்படுகிறது. முன்னர் யூன் 1 ஆக இருந்த தகைமைத் திகதி, 2021 இன் திருத்தத்துக்குப் பின்னர் பெப்ரவரி 1. அந்த நாளில் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே பதிவு. பிறகு இடாப்பு பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலர் அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படும். பெயர் விடுபட்டால் அந்தக் காலத்துக்குள் கோரிக்கை கொடுக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பின்னர் ஓடித் திரிந்து பயனில்லை.

சேவையில் இருந்தபோது தபால் மூலம் வாக்களித்துப் பழகியவர்கள் ஓய்வின் பின் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தபால் வாக்கு கடமையில் இருப்பவர்களுக்கு மட்டும். ஓய்வு பெற்றவர் தேர்தல் நாளில் தனது வாக்குச் சாவடியில் நிற்க வேண்டும். அதற்கு ஆள் அடையாள அட்டை தொலைந்திருந்தாலும் வழி உண்டு. ஓய்வூதியர் அடையாள அட்டையும் முதியோர் அடையாள அட்டையும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. கண் பார்வை குன்றியவரோ உடல் இயலாதவரோ உதவிக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். அதற்குரிய சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

யாருடைய வாக்கை அரசியல்வாதி காண்கிறார்?

2024 ஜனாதிபதித் தேர்தலில் தபால் மூலம் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தவர்கள் 7 இலட்சத்துக்கு மேல். தேர்தல் இரவில் முதலில் வெளிவருவது அவர்களுடைய முடிவுதான். அரச ஊழியர் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று நாடு முழுவதும் அந்த இரவிலேயே தெரிந்துவிடும். ஆகவே எல்லாக் கட்சிகளும் அந்த எண்ணிக்கைக்குப் பயப்படுகின்றன.

ஓய்வூதியர்களும் ஏறக்குறைய அதே அளவினர்தான், 7 இலட்சத்தை ஒட்டியவர்கள். ஆனால் அவர்களுடைய வாக்கு ஊர் வாக்கோடு கலந்துவிடுகிறது. தனியே யாரும் எண்ணிக் காட்டுவதில்லை. ஒரு பக்கம் 10,000, மறுபக்கம் 2,500 என்ற வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். வேலைநிறுத்தம் செய்ய முடியாதவருக்கும் வாக்கு தனியே தெரியாதவருக்கும் கடைசியில்தான் பங்கு வருகிறது.

இதே கணக்கு எமது முழு மண்ணுக்கும் பொருந்தும். நாடாளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 160 ஆசனங்கள் மாவட்டங்களின் வாக்காளர் தொகைக்கேற்பப் பிரிக்கப்படுகின்றன. 2010 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட இடாப்பில் ஏறக்குறைய 7 இலட்சத்து 21 ஆயிரம் பெயர்கள், 9 ஆசனங்கள். போரால் வெளியேறியவர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட பின்னர் 2015 இல் 5 இலட்சத்து 29 ஆயிரம் பெயர்கள், 7 ஆசனங்கள். 2024 இல் பெயர்கள் 5 இலட்சத்து 93 ஆயிரமாகக் கூடியும் ஆசனம் 6 ஆகக் குறைந்தது. மற்ற மாவட்டங்கள் அதைவிட வேகமாக வளர்ந்தன.

அந்தக் குறைந்த பெயர்களில் எமது பெயர்களும் உண்டு. வெளிநாட்டில் வாழும் இலங்கைப் பிரசைகளுக்கு வாக்களிக்கும் வழியை அந்நாட்டுச் சட்டம் தரவில்லை. நாடற்றுப் போனவர்கள் திரும்ப எண்ணப்படவில்லை. இதற்குப் பதிலாக, இங்கே இருப்பவரின் பெயரை அங்கே கள்ளமாக எழுதி வைக்கும் யோசனையைச் சிலர் சொல்வதுண்டு. அது சட்டவிரோதம் மட்டுமல்ல, எமது உண்மையான கணக்கையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும். செய்ய வேண்டியது வேறு. உண்மையில் அங்கே வாழும் ஒவ்வொருவரின் பெயரும் இடாப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது. மீளக் குடியேறியும் பழைய முகவரியில் பதிவில் இருப்பவர்கள், மகளோடு கொழும்பில் தங்கியதால் இரண்டு இடத்திலும் விடுபட்ட முதியவர்கள், பதினெட்டைத் தாண்டியும் பதியாத பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்.

இங்கேயும் ஒரு திகதி இருக்கிறது

பிள்ளைகளுடன் வந்து சேர்ந்த ஓய்வூதியர்கள் நாம் வாழும் நாடுகளிலும் இருக்கிறார்கள். "எங்களுக்கு இங்க ஏது வோட்டு" என்பார்கள். பிரித்தானியாவில் அது சரியல்ல. இலங்கைப் பிரசை பொதுநலவாயப் பிரசையும் ஆவார். சட்டப்படி தங்கும் அனுமதி உள்ளவர், பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலே நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். வாக்களிப்புக்கு 12 வேலை நாட்களுக்கு முன்னர் பதிந்திருக்க வேண்டும். சாவடியில் காட்ட முதியோர் பஸ் பாஸ் போதும். நோர்வேயில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பதிவில் இருப்பவர் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். கனடாவில் கூட்டாட்சித் தேர்தல் குடியுரிமை பெற்றவர்களுக்கே. ஆனால் பெயர் பதியாமல் விட்டவர் தேர்தல் நாளிலும் சாவடியில் பதிந்து வாக்களிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டியவை

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த தொலைபேசி அழைப்பில் ஐந்து கேள்விகள் போதும். உயிர்வாழ்ச் சான்றிதழ் இந்த வருடம் கொடுத்தாயிற்றா? யூலைக்குப் பின் பென்சன் தொகை மாறியதா? வங்கியில் பிரகடனம் கொடுத்தாயிற்றா? மூத்த பிரசைகளுக்கான மேலதிக வட்டி கணக்கில் ஏறியிருக்கிறதா? வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதைக் கண்ணால் பார்த்தீர்களா?

ஆறாவது ஒன்றும் உண்டு, கேட்கத்தான் சங்கடம். அப்பா போன பின்னர் அம்மாவுக்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் கிடைக்க வேண்டும். அதற்கான திருமணப் பதிவும் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரே பெயர் எழுத்துடன் கையில் இருக்கின்றனவா? இடம்பெயர்வுகளில் தொலைந்த பத்திரங்களின் பிரதியை அப்பா இருக்கும்போது எடுப்பது சுலபம். செத்த வீட்டுக்குப் பிறகு, அம்மா ஒருவராகக் கச்சேரிப் படி ஏறி எடுப்பது சுலபமல்ல. அதே நேரம், இறந்தவரின் கணக்கில் தொடர்ந்து விழும் பென்சனை எடுத்துவிட்டால் பின்னர் திருப்பிக் கட்ட வேண்டி வரும் என்பதையும் வீட்டில் சொல்லி வைக்க வேண்டும்.

எமது பெற்றோரின் தலைமுறை, ஒரு சம்பள உயர்வுக்காக இலண்டன் வரை வழக்காடிய தலைமுறை. "எங்களுக்கு இனி என்னத்துக்கு" என்று அவர்கள் இன்று சொல்வது களைப்பினால். அந்தப் படிவத்தை அவர்களுக்காக வாசித்துச் சொல்ல எமக்கு ஒரு அரை மணித்தியாலம் போதும். அடுத்த பெப்ரவரி 1 வருவதற்கு முன்னர் அதைச் செய்துவிடுவோம்.